கியர்பாக்ஸ் மாற்றிக் கெடுவது எப்படி?

அமெரிக்காவில் சொந்தமாக ஒரு செமி டிரக் ஓட்டுகிறீர்கள். அதிலிருக்கும் பத்து கியர் பெட்டி எந்த வம்பும் செய்யாமல் உழைத்துக்கொண்டிருக்கிறது. இந்த நிலையை நீடிக்க விடாதீர்கள். பக்கத்தில் நிற்கும் பீட்டர்பில்ட் டிரக்கில் பதினெட்டு இருக்கும்போது பத்தோடு காலம் தள்ளுவது என்ன பிழைப்பு?

முதலில், என்ன சுமை ஏற்றுகிறோம், எந்தச் சாலையில் போகிறோம் என்கிற யோசனையைக் கைவிட வேண்டும். ஒரேகான் மாநிலக் காடுகளிலிருந்து மரம் இழுப்பவருக்கும், கேபேஜ் ஹில்லின் 6 சதவீத ஏற்றத்தில் தினம் மல்லுக்கட்டுபவருக்கும் பதினெட்டு தேவைப்படலாம். அவர்கள் காரணம் வைத்துக்கொண்டு வாங்குகிறவர்கள். அதில் என்ன பெருமை இருக்கிறது? நீங்கள் நெப்ராஸ்காவின் சமதரையில், ஐ-80 சாலையில், உருளைக்கிழங்கு வறுவல் பொட்டலங்களைக் கொண்டுபோகிறவர். பொட்டலத்தில் பாதி காற்று. அந்தக் காற்றை நின்ற இடத்திலிருந்து நகர்த்த 14.40 விகிதமுள்ள முதல் கியர் உங்களுக்கு அவசியம்.

பதினெட்டு எப்படி வருகிறது என்று யாராவது விளக்க வந்தால் காதைப் பொத்திக்கொள்ளுங்கள். முன்னே போக கியர் லீவருக்கு உள்ளவை ஐந்தே இடங்கள்: ஒரு 'லோ', பிறகு நான்கு. குமிழிலிருக்கும் ஒரு சுவிட்ச் அந்த நான்கையும் மேல் வரிசைக்குத் தூக்கும். இன்னொரு சுவிட்ச் ஒவ்வொரு கியரையும் இரண்டாகப் பிளக்கும். கீழே பத்து, மேலே எட்டு. பதின்மூன்று கியர் பெட்டியில் மேல் வரிசையை மட்டும்தான் பிளக்கலாம். கீழே ஐந்து, மேலே எட்டு. நெடுஞ்சாலையில் கைக்கு வேலை கொடுக்கும் அந்த மேல் எட்டு இரண்டிலும் ஒன்றேதான். ஆகவே வறுவல் ஏற்றுபவருக்குப் பதின்மூன்றே தாராளம் என்று விவரமறிந்தவர்கள் சொல்வார்கள். அவர்களோடு டீ குடிக்காதீர்கள்.

பெட்டியின் பக்கவாட்டில் ஒரு தகடு இருக்கும். ஈட்டன் ஃபுல்லர் பெட்டியென்றால் ஆர்டிஎல்ஓ-18918பி என்பதுபோல ஏதாவது பொறித்திருக்கும். கடைசி இரண்டு இலக்கம் கியர்களின் எண்ணிக்கை. முதல் இரண்டு இலக்கம் அது எவ்வளவு முறுக்கு விசை தாங்கும் என்பது: 18 என்றால் 1850 அடி-பவுண்டு, 14 என்றால் 1450. நீங்கள் பார்க்க வேண்டியது கடைசி இரண்டு இலக்கத்தை மட்டுமே. 1850 அடி-பவுண்டு தள்ளும் கம்மின்ஸ் இன்ஜினுக்குப் பின்னால் ஒரு 14918-ஐ மாட்டினால் விலையும் மலிவு, பழைய உதிரிபாகக் கடைக்காரரோடு நிரந்தர நட்பும் கிடைக்கும்.

இனிதான் முக்கியமான கட்டம். பின் ஆக்சிலின் விகிதத்தைக் கேட்கவே கூடாது. கியர்பாக்ஸும் ஆக்சிலும் சம்பந்திகள். ஒருவரைக் கேட்காமல் இன்னொருவர் முடிவெடுத்தால் கல்யாண வீடு என்னவாகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் பழைய பத்து, கடைசி கியரில் 1.00 விகிதத்தில் ஓடியது; அதற்கேற்ப பின்னால் 2.64 வைத்திருந்தார்கள். மைலுக்கு 500 சுற்று சுற்றும் டயரோடு மணிக்கு 65 மைல் வேகத்தில் போனால் இன்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 1430 சுற்று. நிம்மதியான வேகம். புதிய பதினெட்டின் கடைசி கியர் 0.73. அதே 65 மைலில் இன்ஜின் 1045 சுற்றுக்கு இறங்கி, சின்ன மேடு வந்தாலும் முனகத் தொடங்கும். பதினேழாவதில் போட்டாலும் 1230தான். கடைசியில் பதினாறாவதுக்கு வந்து நிற்பீர்கள். அதன் விகிதம் என்ன தெரியுமா? 1.00. பழைய பத்தாவது கியரேதான்.

மனம் கேட்காமல் ஆக்சிலையும் 3.55-க்கு மாற்றினால் கணக்கு 1400 சுற்றுக்கு வந்துவிடும். பரவாயில்லை, கெடுக்க இன்னும் வழியிருக்கிறது. மாற்றிய சேதியை இன்ஜின் கம்ப்யூட்டரிடம் சொல்லாதீர்கள். அது பெட்டியின் வால்பக்கச் சுழற்சியை எண்ணி, பழைய விகிதத்தால் வகுத்துதான் வேகத்தைக் காட்டும். 65-இல் போகும்போது 87 என்று காட்டும். 65-க்கு மேல் போகக் கூடாது என்று அதில் வரம்பு வைத்திருந்தால் வண்டி 48 மைலைத் தாண்டாது. பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்து உங்களை வாழ்த்துவார்கள்.

அடுத்தது, பெட்டியை ஏற்றும் வேலை. முந்நூறு கிலோவுக்கு மேல் எடை. சரியான ஜாக்கில் வைத்து, இன்ஜினோடு நேர்கோட்டில் தள்ள வேண்டும். இன்புட் ஷாஃப்ட் கிளட்ச் தகட்டுக்குள் நுழைந்ததும் மொத்த எடையையும் அதன்மேல் தொங்கவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போய் வாருங்கள். தகடு வளைந்துவிடும், பிறகு எவ்வளவு மிதித்தாலும் கிளட்ச் முழுதாக விடுபடாது. ஃப்ளைவீல் நடுவிலிருக்கும் பைலட் பேரிங் சில டாலர்தான். புதியது போடாதீர்கள். அதற்காகவே எல்லாவற்றையும் மறுபடி இறக்கும் சுகம் வேறெதில் உண்டு? டிரைவ் ஷாஃப்ட்டின் நீளத்தையும் சாய்வையும் அளப்பது பொறுமையற்றவர்களுக்கு ஒத்துவராத வேலை, விட்டுவிடலாம்.

பழைய பெட்டி வாங்கினால் வடிகால் திருகைக் கழற்றிப் பார்க்காதீர்கள். அதன் நுனியிலுள்ள காந்தத்தில் இரும்புத் துண்டுகள் ஒட்டியிருந்தால் மனசு கஷ்டப்படும். இந்தப் பெட்டிகள் கேட்பது செயற்கை எஸ்ஏஇ 50 எண்ணெய். டிஃபரென்ஷியலுக்கு வாங்கி மிச்சமிருக்கும் கியர் ஆயிலை ஊற்றிச் சிக்கனத்தைக் காட்டுங்கள்.

ஓட்டுவதில் ஒன்றே ஒன்று. கியர்களின் வேகத்தைத் தானாக ஒன்றாக்கும் சிங்க்ரோமெஷ் இதில் கிடையாது. டபுள் கிளட்ச் போட வேண்டும், இல்லையேல் வேகம் பார்த்துக் கிளட்ச் இல்லாமலே நழுவவிடத் தெரிய வேண்டும். பெடலின் கடைசி அங்குலத்தில் கிளட்ச் பிரேக் இருக்கிறது. அது வண்டி நிற்கும்போது முதல் கியர் போட மட்டும். நீங்கள் ஒவ்வொரு கியருக்கும் தரைவரை மிதியுங்கள், அதன் காதுகள் சீக்கிரமே ஒடிந்து விழும்.

எல்லாம் முடிந்ததும் உங்களுக்கு ஓய்வு வேண்டும், ஓர் ஓட்டுநரை வைக்க வேண்டும். ஆட்டோமேட்டிக் வண்டியில் ஓட்டிக்காட்டி உரிமம் எடுத்தவர்களின் அட்டையில் 'இ' என்றொரு தடை இருக்கும். மேனுவல் கியர் கனரக வண்டியை அவர்கள் ஓட்டக் கூடாது. இதைச் சம்பளம் பேசி, முன்பணம் கொடுத்து, சாவியையும் கையில் வைத்த பிறகு கேளுங்கள்.