ஜூபிடர் பெய்கிறார்

கேள்வி: ‘மழை பெய்கிறது’ என்பதை லத்தீனில் எப்படிச் சொல்வார்கள்?

பதில்: ‘ப்ளூயிட்’. ஒரே சொல்லில் முடிந்தது. பெய்வது யார் என்று கேட்டால், பழைய ரோமானியர் வானத்து அதிபதி ஜூபிடரைக் கைகாட்டுவார்கள். பனி கொட்டினால் ‘நிங்கிட்’, இடி இடித்தால் ‘டொனட்’ (பேக்கரிப் பண்டம் வேறு). ‘டெம்பெஸ்டாஸ்’தான் விசேஷம். வானிலையும் அதுவே, புயலும் அதுவே. அறிக்கை வாசிப்பவருக்கு என்ன வசதி பாருங்கள், எது வந்தாலும் சொன்னது பலித்துவிடும்!

செத்த மொழி என்கிறீர்களா? மொட்டை மாடிக்குப் போய் அண்ணாந்து பாருங்கள். 1802-இல் லண்டன் மருந்து தயாரிப்பாளர் லூக் ஹோவர்ட் மேகங்களுக்கு வைத்த லத்தீன் பெயர்கள் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன: ‘குமுலஸ்’ என்றால் குவியல், ‘சிர்ரஸ்’ என்றால் முடிச்சுருள். எங்கள் தெருவுக்கு மேலே இன்று காலையிலிருந்து முடிச்சுருள்தான். மழை வராது என்ற நம்பிக்கையில் வடாம் காயப் போட்டாயிற்று.