கண்டினியூட்டி மாஸ்டர்

படம் பார்த்து அழுகிறவர்கள் உண்டு, விசில் அடிக்கிறவர்கள் உண்டு, பாதியிலேயே குறட்டை விடுகிறவர்களும் உண்டு. மாஸ்டர் எண்ணுவார். ஆறு குண்டு போடும் ரிவோல்வரால் கௌபாய் விடாமல் சுட்டுக்கொண்டிருக்க, இருட்டுக்குள்ளிருந்து "ஏழு" என்று ஒரு குரல் வரும். தோட்டத்துத் திருவிழாவுக்கு வீடியோ டெக் வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் போட்ட காலத்திலேயே, மாஸ்டருக்குப் பின்வரிசைதான் என்று கோயில் கமிட்டி தீர்மானம் போட்டதாகக் கேள்வி.

படிப்பித்தது கணக்கு. பென்ஷன் வந்த பிறகு பகல் பொழுதெல்லாம் வெலிமடை பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துச் சலூனில். கழுத்தில் துணியைக் கட்டிக்கொண்டு, தலையை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பவன் எழுந்து ஓட முடியாது. இத்தனை ஒழுங்கான மாணவன் அவருக்குச் சர்வீஸ் முழுக்கக் கிடைத்திருக்கமாட்டான்.

புது ஆள் வந்தால் முதல் பாடம் 'எலிபன்ட் வோக்'. 1954இல் வந்த ஹொலிவூட் படம், கதை சிலோன் தேயிலைத் தோட்டத்தில். யானை போகும் பாதையை மறித்துத் தொரை பங்களா கட்டியிருக்கிறார்கள். கடைசியில் யானைக் கூட்டம் வந்து பங்களாவைத் துவம்சம் பண்ணுகிறது.

"தம்பி, தொரைசாணியா நடிக்க வந்தது விவியன் லீ. இங்க நடிச்சிக்கிட்டு இருக்கையிலேயே சொகமில்லாமப் போச்சு. அவங்களுக்குப் பதிலா எலிசபெத் டெய்லரைப் போட்டான். ஆனா இங்க எடுத்த தூரத்து சீனை வீச மனசு வரல. அதனால தொரைசாணி தூரத்துல போகையில விவியன் லீ, கிட்ட வந்தா எலிசபெத் டெய்லர்! எந்தப் பொம்பளையோட குடும்பம் நடத்துறோம்னு தொரைக்கே தெரியல."

யானை விஷயத்துக்கு அவர் வெளிநாட்டு ஆதாரம் தேடமாட்டார். "பதுளையில ரோஜர்ஸ்னு ஒரு மேஜர் இருந்தான். அவன் ஒருத்தனே ஆயிரம் யானைக்கு மேல சுட்டுத் தள்ளினான். 1845ல ஹப்புத்தளையில இடி விழுந்து செத்தான். தேயிலை போட்டதே 1867ல. பங்களாவை இடிக்க மிச்சம் யானை எங்கடா இருந்திச்சு?" இடி விழும் இடத்தில் மட்டும் அவர் குரலில் ஒரு தனித் திருப்தி. பதுளை சென் மார்க்ஸ் கோயில் அந்த மேஜரின் நினைவாகக் கட்டியது என்பதை யாராவது எடுத்துச் சொன்னால், காதில் விழாதது போல இருந்துவிடுவார்.

1867 அவருக்குப் பிடித்த வருடம். ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை போட்ட அதே வருடத்தில்தான் அல்பிரட் நோபல் டைனமைட்டுக்குக் காப்புரிமை எடுத்தார். 'த குட், த பேட் அன்ட் த அக்லி' படத்தில் கிளின்ட் ஈஸ்ட்வூட் பாலத்தைத் தகர்ப்பதோ அமெரிக்க உள்நாட்டுப் போர் நடக்கையில். அந்தப் போர் 1865இலேயே முடிந்துவிட்டது. "இல்லாத டைனமைட்டைக் குடுத்தவன், கையோட ஒரு கோப்பை சிலோன் டீயையும் குடுத்திருக்கலாம்ல?" 1868இல் தொடங்கும் கதையான 'த சேர்ச்சர்ஸ்' படத்தில் ஜோன் வேய்ன் 1892ஆம் ஆண்டு மொடல் வின்செஸ்டரைத் தூக்கிக்கொண்டு திரிவதும் அவருடைய குற்றப்பத்திரிகையில் உண்டு.

ஆனால் ஜெய்சங்கர் தொப்பியும் குதிரையுமாக வந்த 'கங்கா'வை (1972) அவர் தொடவே மாட்டார். ஏன் மாஸ்டர் என்றால், "அதுல பிழையே கெடையாது தம்பி. எந்த ஊரு, எந்த வருசம்னு சொன்னாத்தானே பிழை?"

சலூன்காரர் சிங்களவர். அவருக்கும் பங்குண்டு என்பதால் 'இண்டியானா ஜோன்ஸ்' இரண்டாவது படம் (1984) அடிக்கடி வரும். கதை வட இந்தியாவில். எடுத்தது கண்டிப் பக்கம். ஊர்ப் பெரியவர் தங்கள் குறையை ஹரிசன் ஃபோர்டிடம் சுத்தச் சிங்களத்தில் சொல்லி அழுவார். சலூன்காரர் கத்தரிக்கோலை நிறுத்திவிட்டுச் சிரிப்பார். மாஸ்டருக்குச் சிரிப்பு பாதிதான் வரும். "இந்தியாவுல ஒரு கிராமமே சிங்களம் பேசுது. இங்க கந்தோருக்குப் போனா தமிழ்ல ஒரு கடுதாசி எழுத ஆளில்லைங்கிறான்."

'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்' (1957) என்றால் வேறு மாதிரி. ஜப்பான்காரனுக்குப் பாலம் கட்டத் தெரியாது என்று படம் காட்டுவது, முதல் ரயில் வரும்போதே பாலம் வெடித்துப்போவது, உண்மையான பாலமோ 1945இல் விமானக் குண்டுவீச்சில்தான் உடைந்தது என்பது, இவற்றையெல்லாம் வரவு கூப்பிடுவது போல வேகமாகச் சொல்லி முடித்துவிடுவார். பிறகு, "படத்துல எத்தனை தமிழன்னு எண்ணிப் பாத்தேன் தம்பி. ஒருத்தன் இல்ல."

மலாயாவில் ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்த தமிழர்களைப் பல்லாயிரக்கணக்கில் அந்தச் சயாம் - பர்மா ரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே செத்த வெள்ளைக்காரக் கைதிகளைவிட ஆசியத் தொழிலாளர் பல மடங்கு. "அதுவும் படத்தை எங்க எடுத்தான்? நம்ம கித்துல்கலையில, களனி கங்கையில. சுத்தி வர தோட்டம். கெமராவைக் கொஞ்சம் திருப்பியிருந்தா லயத்துல எத்தனை பேர் வேணும்? பாலத்துக்கு மரம் வெட்டத் தெரிஞ்சவனுக்கு ஆள் புடிக்கத் தெரியலையா?"

ஒருநாள் இதைச் சொல்லும்போது சலூன்காரரும் கத்தியைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டு நின்றுவிட்டார். கதிரையில் இருந்தவர்தான் மெதுவாகச் சொன்னார்: "மாஸ்டர், நுரை காய்ஞ்சுபோச்சு. என்னோட மத்தக் கன்னத்துக்கும் கொஞ்சம் கண்டினியூட்டி பாருங்க."

பிழை தேடும் இந்தக் கண் சினிமாவோடு நின்றிருந்தால் ஊர் பொறுத்துக்கொண்டிருக்கும். ஒரு கல்யாண வீடியோவைப் போட்டு விருந்தாளிகளுக்குக் காட்டிக்கொண்டிருந்த வீட்டில், தாலி கட்டும் சீனில் மாஸ்டர் நிறுத்தச் சொன்னார். பின்சுவரில் மணிக்கூடு. பத்து ஐம்பத்திரண்டு. அன்றைக்கு வெள்ளிக்கிழமை, ராகு காலம் பத்தரைக்கே தொடங்கிவிட்டது. சம்பந்தி வீட்டார் ஐயரைத் தேடிப் போனார்கள், ஐயர் வீடியோக்காரரைக் கைகாட்டினார். இப்போது இந்தப் பக்கத்து வீடியோக்காரர்கள் மண்டபத்துக்குள் நுழைந்ததும், லைட் கட்டுவதற்கு முன்னால், ஸ்டூல் போட்டு ஏறி மணிக்கூட்டின் பற்றரியைக் கழற்றிப் பொக்கெட்டில் போட்டுக்கொள்கிறார்கள்.