ஆளில்லாத் தார்ச்சாலையின் இலக்கணம்

பாயிரம்

உலகில் ஆளில்லாத சாலைகள் ஏராளம். தார் போட்ட சாலைகளும் ஏராளம். இரண்டும் ஒன்றாக அமைவதுதான் அரிது. தார் போடப் பணம் வேண்டும். பணம் ஒதுக்க வேண்டுமென்றால் அந்த வழியே நாலு பேர் போய்வர வேண்டும். நாலு பேர் போய்வந்தால் சாலை காலியாக இராது. இப்படியொரு முரண்பாடு காலுக்கடியிலேயே கிடக்க, சைக்கிள் ஓட்டுகிறவர்கள் அதைக் கவனிப்பதில்லை. நல்ல சாலை அமைந்தால் மிதிக்கிறார்கள், அமையாவிட்டால் நகராட்சியைத் திட்டுகிறார்கள். ஆராய்ச்சி மட்டும் நடப்பதில்லை.

இக்குறை போக்க இங்கே எடுத்துக்கொள்ளப்படும் களம், அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தின் தென்மேற்கு மூலை. டிரிஃப்ட்லெஸ் எனப்படும் இந்த வட்டாரம் பக்கத்திலுள்ள மினசோட்டா, அயோவா, இல்லினாய் மாநிலங்களுக்குள்ளும் நீள்கிறது. மேடுபள்ளம், தார், வெறுமை ஆகிய மூன்று இலக்கணமும் குறைவறப் பொருந்திய சாலைகள் இங்கே மைல் கணக்கில் கிடக்கின்றன. அவை எப்படி வந்தன என்பதே ஆய்வுப் பொருள்.

நில இயல்

முதற்காரணம் பனி. இன்னும் சரியாகச் சொன்னால், வராத பனி. கடைசிப் பனியூழியில் வடக்கிலிருந்து இறங்கிய பனிப்பாளங்கள் சுற்றுப்புற நிலத்தையெல்லாம் தேய்த்து மட்டமாக்கின. இந்த வட்டாரத்தை மட்டும் இருபுறமும் ஒதுங்கிக் கடந்து போய்விட்டன. ஓடைகள் பழைய மணற்பாறையையும் சுண்ணப்பாறையையும் தம் போக்கில் அறுத்துக்கொண்டே இருந்தன. விளைவு, முகட்டுக்கும் பள்ளத்தாக்குக்கும் இடையே நூறு மீட்டருக்கு மேற்பட்ட உயர வேறுபாடு.

இங்குள்ள கிக்கப்பூ ஆறு, பறவை பறக்கும் தூரத்தைப் போல இரு மடங்கு தூரம் வளைந்து ஓடிக் கடலைப் பற்றி எந்த அவசரமும் காட்டாதது. ஆற்றைப் பின்பற்றிய சாலைகளுக்கும் அதே குணம். அவசரக்காரர்கள் வேறு வழி பார்த்துக்கொண்டார்கள்.

சரிவைப் பற்றி உழவர்கள் பாடம் கற்ற வரலாறு ஒன்றும் உண்டு. மேலிருந்து கீழாக நேரே உழுததில் மண் அரித்துப்போகவே, 1933-இல் கூன் வேலி என்ற ஊரில், ஒரு நீர்ப்பிடிப்புப் பகுதி முழுவதற்குமான மண்பாதுகாப்புத் திட்டத்தை அமெரிக்க அரசு முதன்முதலாகத் தொடங்கியது. அதன் பிறகு உழவர்கள் சம உயரக் கோட்டை ஒட்டிக் குறுக்கே உழுதார்கள். மலைச்சரிவில் நேர் செங்குத்தாக ஏறுவது அறிவுடைமை அன்று என்ற முடிவு அன்றே எட்டப்பட்டது. சைக்கிள் வகுப்பாருக்கு இச்செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

பால் இயல்

பசும்பாலைப் பற்றிய இயல் இது. வேறெதையோ எதிர்பார்த்து வந்தவர்கள் அடுத்த இயலுக்குச் செல்லலாம்.

விஸ்கான்சின் வண்டிகளின் எண்பலகையில் 'அமெரிக்காவின் பால்பண்ணை நாடு' என்ற பொருள்படும் வாசகம் 1940 முதல் இருக்கிறது. பாலுக்கு ஒரு குணம் உண்டு: காத்திருக்காது. சோளம் காத்திருக்கும். வைக்கோல் காத்திருக்கும். சேறு காயும்வரை கோதுமை களஞ்சியத்தில் கிடக்கும். மாடு மட்டும் நாள்தோறும் இருவேளை கறக்கும். வெளியே பனி உருகுகிறதா, மழை கொட்டுகிறதா என்று கேட்காது. ஆகவே முகட்டின் மேலுள்ள கடைசிப் பண்ணைவரை பால் வண்டி போயாக வேண்டும். தனிப் பண்ணை இரண்டு இருக்கும் பள்ளத்தாக்குக்குள்ளும் தார் புகுந்தது அதனால்தான்.

அற்றேல், பால் வண்டிகளின் நெரிசல் இருக்குமே எனின், இராது. ஒரு பண்ணைக்கு ஒரு வண்டி, நாளுக்கு ஒருமுறையோ இரண்டு நாளுக்கு ஒருமுறையோ வந்து திரும்பும். எஞ்சிய நேரமெல்லாம் சாலை சும்மா கிடக்கும்.

அதுவும் பழைய கணக்கு. ஒரு காலத்தில் லட்சத்துக்கும் மேலிருந்த விஸ்கான்சின் பால்பண்ணைகள் இன்று 6,000-க்கும் குறைவு. மாடுகள் அந்த அளவுக்குக் குறைந்துவிடவில்லை, பன்னிரண்டு லட்சத்துக்கு மேல் இருக்கின்றன. சிறு தொழுவங்கள் மூடப்பட்டு, பெருந்தொழுவங்களில் அவை சேர்ந்துவிட்டன. சாலையை வரவழைத்த மாடு போய்விட்டது, சாலை இருக்கிறது. பாயிரத்தில் சொன்ன முரண்பாடு இவ்வாறு நீங்கிற்று: ஆளில்லாத் தார்ச்சாலை என்பது எவருக்கோ என்றோ இருந்த தேவையின் மிச்சம்.

எழுத்ததிகாரம்

நெடுஞ்சாலைகளுக்கு எண் கொடுக்கும் முறையை அமெரிக்காவிலேயே முதலில், 1918-இல், நடைமுறைப்படுத்திய மாநிலம் விஸ்கான்சின். கவுன்ட்டி எனப்படும் மாவட்டங்கள் எண்ணுக்குப் பதில் எழுத்தை எடுத்துக்கொண்டன. 'டி' சாலை, 'பி' சாலை என்று ஆங்கில எழுத்துகள் தீர்ந்ததும் 'டிடி', 'பிபி' என்று இரட்டித்தார்கள். அதற்கும் கீழே, டவுன் எனப்படும் சிற்றூர் ஆட்சிகளின் சாலைகளுக்கு எண்ணுமில்லை, எழுத்துமில்லை. முகட்டின் பெயரோ பள்ளத்தின் பெயரோ பழைய குடும்பத்தின் பெயரோ நிற்கும்.

இதிலிருந்து பெறப்படும் விதி: எண் உள்ள சாலையில் லாரி வரும், எழுத்துள்ளதில் கார் வரும், வெறும் பெயருள்ளதில் நாய் வரும்.

இவ்விதிக்குப் புறம்பாக மாநிலச் சட்டமன்றம் 1973-இல் ஒன்று செய்தது. அழகும் அமைதியும் உள்ள நாட்டுப்புறச் சாலைகளைத் தேர்ந்து, 'ரஸ்டிக் ரோடு' என்று அறிவித்து, தனிப் பலகை நட்டு, 'ஆர்' எழுத்தோடு வரிசை எண்ணும் வழங்கும் திட்டம் அது. இரண்டு மைலாவது நீளம் இருக்க வேண்டும், வேக வரம்பு மணிக்கு 45 மைலைத் தாண்டக் கூடாது. இங்கே ஒருவரும் வருவதில்லை என்று பலகை வைத்து எல்லாரையும் அழைப்பதன் நுட்பம் தனி ஆய்வுக்குரியது.

மேடுபள்ள இயல்

ஏறிய மேடு இறக்கத்தில் ஈடாகிவிடும் என்பது மக்களிடையே வேரூன்றிய கொள்கை. இது பிழை. பத்து கிலோமீட்டர் ஏற்றத்தை மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்திலும், அதே இறக்கத்தை 40 கிலோமீட்டர் வேகத்திலும் கடப்பவரின் சராசரி 25 என்று மனக்கணக்கு சொல்லும். உண்மைக் கணக்கு வேறு: ஏற ஒரு மணி நேரம், இறங்கக் கால் மணி நேரம், எழுபத்தைந்து நிமிடத்தில் 20 கிலோமீட்டர், சராசரி 16. தூரத்தில் பாதிதான் ஏற்றம், நேரத்தில் ஐந்தில் நான்கு பங்கு அதற்கே போகிறது. ஆளும் வண்டியுமாக 80 கிலோ, ஐந்து விழுக்காட்டுச் சரிவு, அதே பத்து கிலோமீட்டர் வேகம் என்றால் புவியீர்ப்புக்கு மட்டும் சுமார் 110 வாட் செலுத்த வேண்டும். சரிவு பத்து விழுக்காடானால் இது இரட்டிக்கும்.

இதற்கஞ்சிய சமதளவாதிகள் எல்ராய்–ஸ்பார்ட்டா பாதையைக் காட்டுவர். கைவிடப்பட்ட ரயில் தடத்தை மாநில அரசு 1965-இல் வாங்கி, தண்டவாளமற்ற அந்தத் தடத்தில் சுண்ணக்கல் தூளைப் பரப்பி அமைத்த 32 மைல் சைக்கிள் பாதை அது. ரயிலால் செங்குத்தாக ஏற இயலாதாகையால் சரிவு மூன்று விழுக்காட்டைத் தாண்டாது. ஆனால் ஏறாத ரயில் மலையைக் குடைந்துதானே போக வேண்டும்? மூன்று சுரங்கங்கள் உள்ளன. நீளமானது 3,810 அடி. உள்ளே விளக்கில்லை, கூரையிலிருந்து தண்ணீர் சொட்டும், வண்டியை விட்டிறங்கி டார்ச் விளக்கோடு தள்ளிக்கொண்டு நடக்க வேண்டும். ஏற்றத்தில் இறங்கித் தள்ளும் அவமானத்துக்குத் தப்ப வந்தவர்கள் இருட்டில் தள்ளுகிறார்கள். சமதளக் கொள்கையும் இத்துடன் மறுக்கப்பட்டது.

புறனடை

இதுவரை கூறாதன இங்கே கொள்ளப்படும். கேஷ்டன், ஹில்ஸ்பரோ ஊர்ப்பக்கங்களில் கார் வைத்துக்கொள்ளாத ஆமிஷ் மக்கள் குதிரை வண்டியில் போவார்கள். சாலையின் ஓரம் குதிரைக்கும் உரியது என்பதைச் சாணமே அறிவிக்கும். வழியோரத்தில் அவர்கள் விற்கும் ரொட்டி ஞாயிற்றுக்கிழமை கிடைக்காது. நாய் துரத்தினால் இறங்கி, நாய்க்கும் தனக்கும் நடுவில் சைக்கிளை நிறுத்திக்கொண்டு நடப்பதே பாதுகாப்பு. நாயின் ஆர்வம் பெரும்பாலும் சுழலும் சக்கரத்தின் மேல்தான்.

முடிவாக ஒன்று. பெயர் மட்டுமுள்ள இந்தச் சாலைகளைப் பழுது பார்ப்பது அந்தந்தச் சிற்றூர் ஆட்சிதான். பண்ணைகள் மூடிய ஊரில் அந்தச் செலவைத் தாங்கும் வீடுகள் குறைவு. வெளியூரிலிருந்து சைக்கிளோடு வருகிறவர்கள் தண்ணீர் பாட்டிலை நிரப்பிக்கொண்டு போவதோடு நில்லாமல், அவ்வூர்க் கடையில் அரைக் கிலோ சீஸாவது வாங்கிக்கொண்டு போகட்டும். எதிரே பால் வண்டி வந்தால் ஓரம் கட்டி வழிவிடுக.