பாத்துட்டேன்

அப்பாவின் லாரியில் ஒரு கிளீனர் இருந்தார். நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். 1988-ல், பள்ளி விடுமுறை நாட்களில், நாமக்கல்லிலிருந்து பெங்களூர் போய்த் திரும்பும் நடைகளில் என்னையும் ஏற்றிக்கொள்வார்கள். இருவருக்கும் நடுவே, சூடேறும் பானட்டின் மேல் சாக்கை மடித்துப் போட்டு உட்கார்ந்திருப்பேன்.

அப்போது அது இருவழிச் சாலை. தர்மபுரி தாண்டித் தொப்பூர் கணவாயில் இறங்கும்போது அப்பா இரண்டாவது கியருக்கு வந்துவிடுவார். லோடு வண்டியைப் பிரேக்கை மட்டும் நம்பி இறக்கினால் டிரம் சூடாகி, பாதி வழியில் பிரேக் பிடிக்காமல் போய்விடும். மாமா இடது ஜன்னலில் தலையை வெளியே நீட்டிக்கொண்டு, "லெஃப்ட்ல சைக்கிளுங்ணா" என்பார். அப்பா, "பாத்துட்டேன்" என்பார். அந்தப் பதில் வராவிட்டால் மாமா விடமாட்டார். கதவை வெளிப்பக்கம் தட்டிவிட்டு மறுபடி சொல்வார். நடுராத்திரிக்கு மேல் பேச்சு இன்னும் கூடும். வீட்டு விஷயம், சினிமா, வரப்போகும் டீக்கடை. அது வெறும் பேச்சு என்றுதான் அப்போது நினைத்தேன்.

இருபத்துநான்கு வருடம் கழித்து, இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தேன். காரில் வரும் உதவிக் கருவிகள் ஓட்டுபவரின் சிந்தனையை என்ன செய்கின்றன என்பதுதான் ஆய்வு. முதலில் படிக்கக் கிடைத்தது லிசேன் பெயின்பிரிட்ஜ் 1983-ல் எழுதிய ஐந்து பக்கக் கட்டுரை. தானியக்கத்தின் முரண்களைப் பற்றியது. மனிதன் தவறு செய்கிறவன் என்று சொல்லி வேலையை இயந்திரத்திடம் கொடுக்கிறோம். இயந்திரத்தால் முடியாத கடினமான மிச்சத்தை அதே மனிதனிடம் விட்டுவைக்கிறோம். அதுவரை சும்மா பார்த்துக்கொண்டிரு என்கிறோம். கை பழக்கம் விட்டுப்போன நேரத்தில்தான் அவனைக் கூப்பிடுகிறோம். ஐந்து பக்கத்தையும் படித்து முடித்தபோது எனக்குத் தொப்பூர் ஞாபகம் வந்தது.

சும்மா பார்த்துக்கொண்டிருப்பது மனிதனுக்கு எவ்வளவு கஷ்டம் என்பதை நார்மன் மேக்வொர்த் 1948-லேயே காட்டிவிட்டார். கடிகாரம் போன்ற ஒரு வட்டத்தில் முள் ஒவ்வொரு படியாக நகரும், எப்போதாவது ஒருமுறை இரண்டு படி தாவும். அந்தத் தாவலைக் கண்டுபிடிக்க வேண்டும். முதல் அரைமணி நேரத்திலேயே ஆட்கள் தவறவிட ஆரம்பித்தார்கள்.

எங்கள் ஆய்வறையில் பாதி வெட்டிய கார் ஒன்று, சுற்றிலும் திரை. ஓட்டுபவரின் தோளில் சின்ன அதிர்வுப் பொத்தான், விரலில் ஒரு சுவிட்ச். மூன்றிலிருந்து ஐந்து வினாடிக்கு ஒருமுறை தோளில் அதிரும், உடனே சுவிட்சை அழுத்த வேண்டும். மனதில் பாரம் கூடினால் அழுத்துவது தாமதமாகும். கார் தானே ஓடும்போது எல்லோரும் சட்டென்று அழுத்தினார்கள். மனம் லேசாகிவிட்டது என்று முதலில் சந்தோஷப்பட்டேன். பிறகு எச்சரிக்கை ஒலித்து வண்டி அவர்கள் கைக்கு வந்த கணங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். கை ஸ்டீயரிங்குக்குச் சீக்கிரம் வந்துவிடும். கண்தான் தேடும்: கண்ணாடியில் யார், பக்கத்தில் யார், எவ்வளவு வேகம். லேசான மனதில் சாலை இருக்கவில்லை. லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் நடாஷா மெராட் குழுவினர் 2014-ல் வெளியிட்ட ஆய்வின்படி, வண்டியைத் திரும்பக் கையில் வாங்கியவரின் ஸ்டீயரிங் பிடி நிலைப்பட 35 முதல் 40 வினாடி வரை ஆனது. மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் அது ஒரு கிலோமீட்டருக்கும் மேல்.

ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருந்த 2016-ல் ஃபுளோரிடாவில் ஒரு கார், குறுக்கே திரும்பிய லாரியில் மோதியது. ஓட்டியவர் இறந்துபோனார். கார் தானாக ஓடிய 37 நிமிடத்தில் ஸ்டீயரிங்கில் கை இருந்ததாகப் பதிவானது 25 வினாடி. அவரை அஜாக்கிரதையானவர் என்று சொல்லி முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. அரை மணி நேரம் ஒரு தவறும் செய்யாத இயந்திரத்தைச் சந்தேகப்பட்டுக்கொண்டே இருக்கும்படி எந்த மனதும் அமையவில்லை.

இந்தக் கருவிகள் வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். முன்னால் போகும் வண்டியில் மோதும் விபத்துகளைத் தானியங்கி பிரேக் ஏறக்குறைய பாதியாகக் குறைப்பதாக அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்களின் பாதுகாப்பு ஆய்வு மையம் கணித்திருக்கிறது. எத்தனையோ பேர் அதனால் உயிரோடு வீடு திரும்புகிறார்கள். ஆனால் கடைசி நொடியில் பிரேக் போடும் உதவி வேறு, மணிக்கணக்கில் நமக்குப் பதிலாக ஓட்டும் உதவி வேறு. இப்போது கார்களில் கண்ணைக் கவனிக்கும் கேமரா வருகிறது. கண் எங்கே பார்க்கிறது என்று அது சொல்லும். மனம் எதைப் பார்த்தது என்று மாமா மட்டும்தான் கேட்டார்.

போன வருடம் பெங்களூரிலிருந்து அப்பாவைக் காரில் கூட்டிவந்தேன். வேகத்தையும் தடத்தையும் காரே பார்த்துக்கொண்டது. தர்மபுரி தாண்டியதும் அப்பா கேட்டார், "பொறத்தால அந்த டேங்கர் எப்பருந்து வருது கண்ணு?"

எனக்குத் தெரியவில்லை. பன்னிரண்டு வருடமாக இதைத்தான் படிக்கிறேன், ஆனாலும் தெரியவில்லை.

தொப்பூர் இறக்கம் தொடங்கும் முன் எல்லாவற்றையும் அணைத்தேன். அப்பா சீட்டை முன்னால் நகர்த்தி, இடது கண்ணாடியைக் கீழே இறக்கினார்.

"லெஃப்ட்ல பைக்கு."

நான் கண்ணாடியைப் பார்த்தேன், பேசவில்லை. அப்பா கதவைத் தட்டினார்.

"லெஃப்ட்ல பைக்கு கண்ணு."

"பாத்துட்டேன்ப்பா."