அரைஞாண் கயிறும் கறுப்பு பெல்ட்டும்

வாடா பேராண்டி, வா. திண்ணையில ஏறாத, அப்படியே நில்லு. கறுப்பு பெல்ட்டுக்காரன் பக்கத்துல ஒக்காந்தா நான் எழுந்து நிக்கணும். எனக்கு முட்டி வலி. அதனால நீ நில்லு.

பஸ் ஸ்டாண்டாண்ட உன் பிளெக்ஸப் பாத்தேன். ஒரு காலத் தூக்கிகினு, கண்ண உருட்டிகினு நிக்கற. தெலுங்குல ஒரு வாழ்த்து, தமிழ்ல ஒரு வாழ்த்து. ஆந்திரா எல்லையில நம்ம பாலசமுத்திரத்துல ஒருத்தன் காலத் தூக்கினாக்கூட ரெண்டு பாஷையில சொல்லணுமே! கட்டியிருந்த ஆடு ஒண்ணு நீ தூக்கின காலத்தான் மோந்து பாத்துகினு இருந்துச்சு. அதுக்குக் கராத்தே தெரியாது, பாவம்.

இடுப்புல கறுப்பா ஒண்ணு கட்டினதுக்கா இத்தினி ஆர்ப்பாட்டம்? நீ கைக்கொழந்தையா இருக்கச்சொல்ல நாங்க ஒரு அரைஞாண் கயிறு கட்டினோமே, அது இன்னா கலரு? எனக்கும் கீது, நம்ம மாடு மேய்க்கறவனுக்கும் கீது. அதுக்குப் பரீட்சையும் இல்ல, பீசும் இல்ல. அவுந்து வுழாம இருந்தா பாஸு.

கோச்சுக்காதடா. ராத்திரி நீ தூங்கினப்புறம் உன் தங்கச்சிய செல்லுல படிக்கச் சொல்லிக் கேட்டுகினேன். ஜப்பான்ல ஜிகோரோ கானோன்னு ஒரு வாத்தியாரு. 1882ல கோடோகான்னு ஜூடோ பள்ளிக்கூடம் தொறந்தாரு. மறுவருசம் ரெண்டு பசங்களுக்கு மொதல் ‘டான்’னு ஒரு படி குடுத்தாரு. குடுத்தாரே தவிர, பெல்ட்டு கட்டல. கறுப்பு பெல்ட்டு வந்ததே 1886 வாக்குலதான். அந்த டான் கணக்காவது சண்டையில பொறந்ததா? அதுவும் இல்ல. ‘கோ’ன்னு அவங்க ஊரு காய் ஆட்டம், நம்ம ஆடுபுலி மாதிரி குந்தின எடத்துலயே ஆடறது, அதுலருந்து எடுத்தது. அப்படிப் பாத்தா இந்தத் திண்ணையில அறுபது வருசமா புலியக் கட்டற எனக்கு எத்தினி டான் தரணும், நீயே சொல்லு.

உன் கராத்தேக்கு வருவோம். ஒகினாவா தீவுல புனகோஷின்னு ஒரு பள்ளிக்கூட வாத்தியாரு. 1922ல டோக்கியோவுக்கு வந்து வித்தையக் காட்டினாரு. 1924 ஏப்ரல்லதான் மொதமொதல்ல ஏழு பேருக்குக் கறுப்பு பெல்ட்டு குடுத்தாரு. அதுவும் கானோகிட்ட பாத்துகினு வந்த பழக்கம். மஞ்ச, பச்சன்னு நீ வருசத்துக்கு ஒண்ணு வாங்கினியே, அது 1930கள்ல பாரிசுல ஜூடோ கத்துக்குடுத்த கவாய்ஷி பரப்பினதாம். “ஆதி காலத்து பெல்ட்டு”ன்னு உங்க மாஸ்டரு மைக்கப் புடிச்சிகினு பேசினாரே, நம்ம சித்தூர் ஜில்லா 1911ல பொறந்துச்சு. ஜூடோக்காரங்க கட்டின மொத கறுப்பு பெல்ட்டே ஜில்லாவ வுட இருபத்தஞ்சு வயசுதான் பெரிசுடா.

இன்னும் கேளு. உன் சர்ட்டிபிகேட்டுல ‘ஷோடான்’னு போட்டிருக்குதே, அதுல ‘ஷோ’ன்னா ஆரம்பம். ஒண்ணாம் படின்னு அர்த்தம். பொடி நடையா வாசல் வரைக்கும் வந்துட்ட, இனிமே உள்ள வான்னு ஜப்பான்காரன் சொல்றான். நீ வாசல்லயே பந்தல் போட்டு, ஊருக்கே பிரியாணி போட்டுட்ட.

எனக்கு ஒரு பழைய கதை ஞாபகம் வருது. 1960 ஏப்ரல்ல எல்லைக் கோட்ட மாத்தினாங்க. திருத்தணி மெட்ராஸ் பக்கம் போச்சு, நாம ஆந்திராவுலயே நின்னுட்டோம். அப்ப நான் ட்ராயரு போட்ட பையன். மறுநாள் காலைல எழுந்து ஓடிப்போயி எங்க மாட்டப் பாத்தேன். நேத்து கறந்த அதே பாலத்தான் கறந்துச்சு. எந்தப் பக்கம் மேஞ்சாலும் புல்லு புல்லுதான். பெல்ட்டும் அந்தக் கோடு மாதிரிதாண்டா. கோட்டுக்கு அந்தாண்ட வந்ததால நேத்து வரைக்கும் வராத குத்து இன்னிக்கு வந்துடாது.

நேத்து சாயங்காலமே பாத்தேனே! கடைக்குப் போனப்ப அந்தச் செவல நாய் தொரத்துச்சு. வெள்ள டிரெஸ்ஸு, கறுப்பு பெல்ட்டு, ரெண்டு முனையும் காத்துல பறக்க ஓடின பாரு, அடாடா! முடிச்சு மட்டும் அவுறல. ரெண்டு முனையும் சரிசமமாத் தொங்குச்சு. கட்டறதுக்கு நல்லாத்தான் கத்துக்குடுத்திருக்காங்க.

சின்ன வயசுல எனக்கும் சிலம்பத்து மேல ஆச. கர்ரசாமுன்னு தெலுங்குல சொல்றாங்களே, அதான். வெத்தல பாக்கு, தேங்கா வச்சி ஆசான் கால்ல வுழுந்தேன். மூணு மாசம் கம்பயே கையில குடுக்கல. காலடி, காலடி, காலடி. மண்ணுல கோடு கிழிச்சி வப்பாரு, தப்பா வச்சா கணுக்கால்ல ஒரு தட்டு. நாலாம் மாசம் கம்பு வந்துச்சு, அதே வாரம் நான் ஓடியாந்துட்டேன். அப்ப பெல்ட்டு இருந்திருந்தா மூணு மாசத்துக்கு ஒரு மஞ்ச பெல்ட்டாவது வாங்கியிருப்பேன்.

நம்ம துணை முதல்வர் பவன் கல்யாணும் கராத்தேக்காரர்தான். மெட்ராசுல ஹுசைனின்னு ஒரு மாஸ்டருகிட்ட கத்துகினாரு. 2025 மார்ச்சுல ஹுசைனி போய்ச் சேந்தப்ப அவரே சொன்னாரு, மொதல்ல சேத்துக்கமாட்டேன்னுட்டாராம், கெஞ்சித்தான் சேந்தாராம். உங்க மாஸ்டரு? ஜூன் மாசம் அவரே போன் பண்ணி, தங்கச்சியையும் சேத்தா பீசுல தள்ளுபடின்னாரு. வேணாம்னு சொல்ற ஆசான் கிடைக்கறதுக்கும் குடுத்து வச்சிருக்கணும்டா.

பாரதக் கூத்துல கடைசி நாளு பாத்திருக்கியே. மண்ணால செஞ்ச துரியோதனன் அத்தாம் பெரிசாப் படுத்திருப்பான். கதாயுதம் சுத்தறதுல அவனுக்குப் பத்து டான் குடுக்கலாம். பீமன் எங்க அடிச்சான்? தொடையில. இடுப்புப் பட்டைக்குக் கீழ! பட்டைய நம்பினவன் கதி அதுதான்.

சரி, மூஞ்சியத் தூக்காத. அந்த பெல்ட்ட இப்படிக் குடு. கறுப்புத் துணிக்கு உள்ள இன்னா கீது தெரியுமா? வெள்ளப் பஞ்சு நூலு. பத்துப் பதினஞ்சு வருசம் கட்டி, அவுத்து, வேர்வையில நனைஞ்சா, முடிச்சு வுழற எடத்துல கறுப்பு உரிஞ்சி வெள்ள எட்டிப் பாக்கும். ஊருல பெரிய மாஸ்டருங்க அத்தத்தான் பெருமையாக் கட்டிகினு திரியறாங்களாம். என் தலையப் பாரு, அதே கணக்குதான். கறுப்பு கடையில கிடைக்கும், வெள்ளைய நீதான் தேச்சி எடுக்கணும்.

ஒண்ணாங்கிளாஸ்ல சேந்திருக்க. சந்தோசம். நாளைக்கு அஞ்சு மணிக்கு எழுந்து காலடி போடு. அதுக்கு முன்னாடி அந்தச் செவல நாய்க்கு ரெண்டு பன்னு வாங்கிப் போடு, அது இன்னும் பிளெக்ஸப் பாக்கல.