கலப்படமில்லாத ஆங்கிலிக்கன்

மலையூரான ஆடலூரில் காப்பி விளையும், மிளகு விளையும். ஆங்கிலிக்கன் சபை விளையாது. ஆனாலும் கீழிருந்து மலையேறி வந்த நம்மவர் சிலருக்கு இப்போது அந்தத் தேட்டம்தான். பழைய சபை வேண்டுமாம். ட்ரம்ஸ் கூடாது. எல்.இ.டி. திரை கூடாது. பாமாலைப் புத்தகம் வேண்டும். முழங்காலில் நின்று பாவ அறிக்கை சொல்ல வேண்டும். மேடையில் குதிக்காத ஐயர் வேண்டும்.

ஆசையில் குற்றமில்லை. 'சத்தமா அல்லேலூயா சொல்லுங்க' என்று ஞாயிறுதோறும் ஒலிபெருக்கியில் மிரட்டப்படுகிற எவருக்கும் வருவதுதான். எனக்கும் உண்டு. ஆனால் எந்தப் பழமை வேண்டும் என்று கேட்டால் ஆளாளுக்கு முழிக்கிறார்கள்.

அசல் ஆங்கிலிக்கன் கடையை மூடி ரொம்ப காலமாயிற்று. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபை மூன்றும் சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை ஆயின. வடக்கே மிஞ்சியது 1970-ல் வட இந்தியத் திருச்சபையில் கரைந்தது. அதற்குப் பிறகும் 'நாங்களே உண்மையான வாரிசு' என்று கிளம்பிய குழுக்கள் உண்டு. அங்கி உண்டு, செங்கோல் உண்டு, மோதிரம் உண்டு, லெட்டர்பேட் கட்டாயம் உண்டு. பேராயர்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆடுகள்தான் குறைவு. ஆத்துமா யாருக்கு என்று இவர்கள் வழக்குப் போட்டதாகக் கேள்வியில்லை. பட்டா யாருக்கு என்றால் நீதிமன்றம் வரை போவார்கள்.

சரி, நம் மலைத்தொடருக்கே வருவோம். 1845-ல் கொடைக்கானலில் முதலில் பங்களா கட்டியவர்கள் அமெரிக்க மதுரை மிஷன்காரர்கள். காங்கிரகேஷனல் மரபினர். பேராயர் என்கிற பதவியே அவர்களுக்கு ஆகாது. ஆங்கிலிக்கன் பேராயரான கால்டுவெல் 1891-ல் இங்கேதான் கண்ணை மூடினார். ஆனால் உடல் இடையன்குடிக்குப் போய்விட்டது. 1947-ல் மதுரை இராமநாதபுரம் திருமண்டலத்துக்கு முதல் பேராயராக வந்த லெஸ்லி நியூபிகின் ஸ்காட்லாந்து சபை அனுப்பிய பிரஸ்பிட்டேரியன் மிஷனரி. வயது 37. அதாவது, இந்த மலையில் நேர்மையாகப் பாரம்பரியம் தேடுகிறவர் பேராயரே இல்லாத சபையில்தான் போய் முட்டிக்கொள்ள வேண்டும். அதைத் தேடி யாரும் வரவில்லை. இவர்களுக்குப் பேராயர் வேண்டும். அதுவும் வெள்ளைக்காரன் காலத்துப் பேராயர் மாதிரி வேண்டும்.

வெள்ளைக்காரன் காலம் எப்படி இருந்தது தெரியுமா? அரசாங்கக் குருமார்களான சாப்ளின்களுக்குச் சம்பளம் இந்தியாவின் வரிப்பணத்திலிருந்து போனது. உப்புக்கு வரி கட்டிய இந்துவும் முஸ்லிமும் சேர்ந்துதான் துரைமார்களின் தேவாலய மெழுகுவத்திக்குக் காசு கொடுத்தார்கள். 1935-ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம் இந்தச் செலவுக்கு வரம்பு வைத்தது: வருடத்துக்கு 42 லட்சம் ரூபாய், ஓய்வூதியம் தனி. மக்கள் பிரதிநிதிகள் ஓட்டுப் போட்டுக் குறைக்க முடியாத செலவு. அந்தக் காலத்து 42 லட்சம்! அடக்கமான, அமைதியான ஆராதனை நடத்த இவ்வளவு வரை செலவழிக்க இடம் விட்டிருக்கிறார்கள்.

தென்னிந்திய ஐக்கியத்தால் பாரம்பரியம் பாழாகிறது என்று இங்கிலாந்திலும் அழுதார்கள். கவிஞர் டி.எஸ். எலியட் இந்தத் திட்டத்தைக் கண்டித்து ஒரு சிறு பிரசுரமே எழுதினார். ஆண்டு 1943. வங்காளத்தில் லட்சக்கணக்கானோர் சோறில்லாமல் செத்த ஆண்டு. லண்டனில் பேராயர் பட்டாபிஷேகத்தின் தூய்மை பற்றிய கவலை. இந்தியாவைப் பற்றிக் கவலைப்படுவதில் அவர்களுக்கு எப்போதுமே ஓர் ஒழுங்குமுறை இருந்தது.

ஆந்திராவில் நந்தியால் ஆங்கிலிக்கன் மக்களில் பெரும்பகுதியினர் ஐக்கியத்தில் சேர மறுத்துப் பல ஆண்டுகள் தனியே நின்றார்கள். பாரம்பரியத்தின் கடைசிக் கோட்டை. 2013-ல் தென்னிந்தியத் திருச்சபையின் முதல் பெண் பேராயர் பொறுப்பேற்றார். எந்தத் திருமண்டலத்துக்கு? நந்தியாலுக்கு. பழமை தேடி அந்தப் பக்கம் பஸ் ஏற நினைப்பவர்கள் டிக்கெட்டை ரத்து செய்துவிடலாம்.

உண்மையிலேயே பழைய ஆங்கிலிக்கன் சரக்கு ஒன்று இருக்கிறது. யாரும் கேட்பதில்லை. 1833-ல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் தென்னிந்தியச் சபைகளுக்கு ஒரு கட்டளை அனுப்பினார்: சபைக்குள் சாதியை விடு, உடனே விடு, முழுதாக விடு. தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் உயர்சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்தார்கள். பலர் சபையையே விட்டுப் போனார்கள், சாதியை விடவில்லை. இருநூறு வருடம் நெருங்குகிறது. முழங்கால் மணை கேட்பவர் உண்டு, பாமாலை கேட்பவர் உண்டு. 1833 கட்டளை கேட்பவர் எங்கே? மகனுக்குப் பெண் தேடும்போது அதே பாரம்பரியப் பிரியர் கேட்கும் முதல் கேள்வி ஆராதனை முறை பற்றியதல்ல.

பழைய சபை வேண்டாம், இருக்கிற சபையே போதும் என்பவர்களாவது நிம்மதியாக இருக்கிறார்களா? டி.சி. (திருமண்டலக் கவுன்சில்) தேர்தல் வந்தால் போதும். சாதி எண்ணிக்கை, அணி, விருந்து, கவர். 2023-ல் பாளையங்கோட்டை திருமண்டல அலுவலகத்தில் ஒரு போதகர் தாக்கப்பட்டதாக வழக்கு. வழக்கில் அப்போதைய எம்.பி. ஒருவரின் பெயர். 2022-ல் மருத்துவக் கல்லூரி இடத்துக்குப் பணம் வாங்கிய புகாரில் திருவனந்தபுரத்தில் தென் கேரளத் திருமண்டலத் தலைமையகத்தில் அமலாக்கத் துறை சோதனை. பேராயர்களின் ஓய்வு வயதை 67-லிருந்து 70 ஆக்கும் திருத்தம் பற்றி ஒரு நீண்ட வழக்கு. மோசே நாற்பது வருடம் வனாந்தரத்தில் நடந்தார், நாற்காலி கேட்கவில்லை. 2024-ல் சபையின் தேர்தலையும் நிர்வாகத்தையும் கவனிக்க ஓய்வுபெற்ற நீதிபதிகள் இருவரைச் சென்னை உயர் நீதிமன்றம் நியமிக்கும் நிலை வந்தது. பரிசுத்த ஆவியானவர் நடத்துகிற சபை என்றார்கள். ரிட்டயர்டு ஜட்ஜைத் தேட வேண்டியதாயிற்று.

முன்பு பாவ அறிக்கை. இப்போது முன்ஜாமீன்.

இதற்கெல்லாம் பணம்? சீனியர் வக்கீல் இலவசமாக வாதாடுவதில்லை. தோட்டத்தில் காப்பிப் பழம் பறித்துக் கூலி வாங்குகிறவள் சங்கக் காணிக்கைக் கவரில் மடித்து வைக்கிற நோட்டுதான் எங்கோ ஒரு கோர்ட் படியில் பீஸாகிறது. அவளுக்குத் தேர்தலில் நிற்க நேரமில்லை. அவள் வீட்டுக் கல்யாணத்துக்குப் பேராயர் வரமாட்டார். சந்தா பாக்கி இருந்தால் மட்டும் பெயரைப் படிப்பார்கள்.

இங்கிலாந்திலிருந்து வந்த நல்லதையெல்லாம் சபைத் தலைவர்கள் உதறிவிட்டார்கள்: அடக்கம், நேரம், எல்லோருக்கும் ஒரே ஜெபம். பத்திரமாக வைத்துக்கொண்டது பங்களா, கார், நிலம், அதிகாரம். பாரம்பரியம் அழியவில்லை ஐயா. காம்பவுண்டு சுவருக்குள் நன்றாகவே இருக்கிறது.

ஆகவே சபை மாறத் துடிக்கும் அன்பர்களே, பஸ் ஏறுவதற்கு முன் உங்கள் சொந்தத் திருமண்டலத்தில் இரண்டு காகிதங்கள் கேளுங்கள்: சொத்துப் பட்டியல், கடைசித் தணிக்கை அறிக்கை. எழுத்தில் கேளுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். தரும்வரை காணிக்கைக் கவரை வெறுமையாகவே திருப்பிக் கொடுங்கள்.