நைட் ஷிப்டும் காந்தச் சிகிச்சையும்

கேள்வி: மாத்திரைக்கு அடங்காத மனச்சோர்வுக்குத் தலையில் காந்தம் வைக்கிறார்களாமே, ஒரகடம் தொழிற்சாலையில் நைட் ஷிப்ட் பார்ப்பவருக்கு அது ஒத்துவருமா?

பதில்: ஒத்துவரும், தூக்கம் ஒத்துழைத்தால். குறைந்தது இரண்டு மருந்துகளை உரிய அளவில், உரிய காலம் உட்கொண்டும் தீராத மனச்சோர்வுக்கு, இடப்பக்க நெற்றிக்கு மேல் கம்பிச்சுருளைப் பொருத்தி, அதில் விட்டுவிட்டுப் பாயும் மின்சாரம் எழுப்பும் காந்தத் துடிப்புகளால் அடியிலுள்ள நரம்பணுக்களைத் தூண்டும் இம்முறைக்கு மயக்க மருந்து தேவையில்லை. 1985இல் ஷெஃபீல்டில் அந்தோணி பார்க்கர் குழுவினர் செய்துகாட்டிய இக்காந்தத் தூண்டலுக்கு, 2008இல் அமெரிக்கா மனச்சோர்வுச் சிகிச்சையாக அனுமதி வழங்கியது. அரிதாக நேரும் வலிப்பின் அபாயம் தூக்கம் கெட்டால் கூடும் என்பதால், மருந்துச்சீட்டோடு ஷிப்ட் அட்டவணையையும் மருத்துவரிடம் நீட்ட வேண்டும். காந்தத்தால் நகரக்கூடும் என்பதால், கிரைண்டிங்கில் தெறித்துக் கண்ணில் தங்கிய இரும்புத்துகளையும் மறைக்கலாகாது. வாரம் ஐந்து நாளாக நான்கு முதல் ஆறு வாரம் நீளும் இச்சிகிச்சைக்காகத் தொழிலாளிக்குப் பகல் ஷிப்ட் ஒதுக்குவது நிர்வாகத்தின் சலுகையன்று, கடமை.